ஒன்பது நாள் காத்திருந்த கேள்வி

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை உறவுக்காரர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிப் புரியவைக்க அவளால் கடைசிவரை முடியவில்லை. எங்கோ ஒரு திட்டம் போடுகிறார்கள். தண்ணீர்க் குழாய், தையல் பயிற்சி, பெண்கள் விடுதி, ஏதோ ஒன்று. இரண்டு மூன்று வருடம் ஓடியபிறகு, அதனால் யாருக்கு என்ன ஆனது என்று நேரில் போய்ப் பார்த்து, நாலு பேரிடம் பேசி, உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவள். மதிப்பீட்டாளர் என்பது உத்தியோகப் பெயர். கணவருடைய அக்கா மட்டும், "ஊர் ஊரா போய் அடுத்தவங்க வீட்டு வாசல்ல நின்னு கேள்வி கேக்கற வேலை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு குடிநீர்த் திட்டத்தைப் பார்க்க அவளை அனுப்பினார்கள். கேள்வித்தாளின் தலையிலேயே 'குடும்பத் தலைவரிடம் கேட்கவும்' என்று அச்சடித்திருந்தது. இரண்டு நாள் குடும்பத் தலைவர்களிடம் கேட்டாள். குழாய் வந்தது ரொம்ப வசதி என்றார்கள் அத்தனை பேரும். மூன்றாம் நாள் மாலை ஊர் திரும்பப் பேருந்துக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் குடத்தோடு நின்ற ஒரு பெண் தானாகப் பேச்சுக் கொடுத்தாள். குழாயை ஆண்கள் சீட்டு விளையாடும் கொட்டகைக்கு நேர் எதிரே நட்டிருக்கிறார்கள். அத்தனை கண்ணுக்கும் முன்னால் குனிந்து தண்ணீர் பிடிக்க யாருக்கு மனசு வரும்? பெண்கள் பழையபடி விடியுமுன் எழுந்து கிணற்றுக்கே போகிறார்கள்.

அவள் அதை அறிக்கையில் ஒரு பக்கம் எழுதினாள். மேலாளர் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். "இது கதைம்மா. நமக்கு வேண்டியது தகவல்."

அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் அடங்க இடமில்லாமல் பல வருடம் உள்ளேயே கிடந்தது. பிறகு ஒருநாள், தன்னைப் போலவே இந்த வேலையில் இருந்த பத்துப் பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினாள். அதில் ஒரு கேள்விதான். 'கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது மனைவியிடம் எப்படிக் கேட்பீர்கள்?'

பத்துப் பேரும் பதில் போட்டார்கள். ஒருத்தி, காய்கறி நறுக்க உதவுகிறேன் என்று சொல்லி அடுப்படிக்குள் போய்விடுவாளாம். அங்கே எந்தக் கணவரும் பின்னால் வந்ததில்லையாம். இன்னொருத்தி கணவர்களுக்கென்றே தனியாக ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தாள். மாட்டுக் கொட்டகை நீளம் என்ன, அகலம் என்ன, கூரை எந்தப் பக்கம் சரிகிறது என்று நாற்பது கேள்வி. அதை எடுத்துக்கொண்டு கூட வந்த ஆள் கணவரைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். "அந்தத் தாளையெல்லாம் என்ன செய்வே?" என்று கேட்டதற்கு, "பின்பக்கம் வெள்ளையா இருக்கும், பொண்ணு படம் வரையறா" என்று பதில் வந்தது. அந்த வாரம் முழுக்க அவள் தனியாக இருக்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பத்துப் பேரில் ஒருவர் புள்ளிவிவரக்காரர். எந்த எண்ணையும் தசமம் இல்லாமல் சொல்ல அவர் வாய்க்குப் பழக்கமில்லை. "பாதிப் பேர்" என்று யாராவது சொன்னால், "நாற்பத்தெட்டு புள்ளி ஆறு" என்று திருத்துவார். அதனால் அவருக்குத் தசமம் என்றே பெயர் வந்தது. அவர்தான் தன் விடுமுறை நாட்களையெல்லாம் செலவழித்து ஒரு வலைத்தளம் கட்டிக் கொடுத்தார். 'இன்னொரு கேள்வி' என்று பெயர் வைத்தார்கள். தாளையெல்லாம் மூடிவைத்து, எழுந்து, வாசல்வரை போய், திரும்பி நின்று கேட்கிற கேள்விக்குத்தான் பெண்கள் உண்மையான பதிலைச் சொல்வார்கள் என்பது அந்தப் பதினோரு பேரும் அனுபவத்தில் கண்டது. புதிதாகச் சேர்கிற எல்லாருக்கும் முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. யார் என்ன கேட்டாலும் ஒரு நாளுக்குள் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். தெரியாவிட்டால், 'பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை' என்றாவது எழுத வேண்டும். களத்தில் தனியாக நிற்கிற ஒருத்திக்கு, தன் குரல் எங்கோ போய்ச் சேர்ந்தது என்பதே பாதித் தெம்பு என்பாள். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறு வருடத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் சேர்ந்தார்கள். தினமும் மத்தியானம், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைத் துடைத்து, லேப்டாப்பை விரித்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஆள் தேடிக் கொடுப்பாள். நகராட்சியில் வரைவாளராக இருந்து ஓய்வுபெற்ற கணவர், "உன் கச்சேரி ஆரம்பமாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, சத்தம் போடாமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். நல்ல மனிதர்.

ஏழாம் வருடம் ஒரு காலையில் தளத்தைத் திறந்தபோது முந்நூற்று நாற்பது பதிவுகள் புதிதாக இருந்தன. ஒன்றுகூடக் கேள்வி இல்லை. எல்லாம் வசவு. வாயில் சொல்லக்கூசும் வார்த்தைகள். ஓர் உறுப்பினரின் புகைப்படத்தை எடுத்து வேறோர் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். எங்கிருந்து வந்தார்கள், யாருக்கு என்ன கோபம் என்று தெரியவில்லை. அவளும் தசமமும் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார்கள். அழிக்க அழிக்க வந்தது. படத்தில் இருந்தவள் விலகிக்கொண்டாள். அவளோடு இன்னும் மூன்று பேர்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய நிறுவனம் கை நீட்டியது. தளத்தை எங்கள் கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள், பாதுகாப்பு எங்கள் பொறுப்பு, உங்கள் பெயர் அப்படியே இருக்கும் என்றார்கள். நிபந்தனை ஒன்று. எந்தப் பதிவும் இரண்டு பேர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளியே தெரியும். முதல் ஒப்புதல் நிறுவனத்தினுடையது. இரண்டாவது அவளுடையது.

தசமம் கேட்டவுடனே கத்தினார். "கேள்வி கேக்கறதுக்கு அனுமதியா? அக்கா, நீங்களா இதுக்குத் தலையாட்டறீங்க?"

"அந்தப் பொண்ணோட படத்தைப் பார்த்தீங்கள்ல? நாளைக்கு இன்னொருத்திக்கு நடந்தா யார் பதில் சொல்றது?"

"நடந்தா அழிப்போம். நடக்குமோன்னு பயந்து எல்லார் வாயையும் கட்டக் கூடாது."

"அழிச்சா போயிடுமா? அவ போயிட்டாளே."

"சரி, ரெண்டு பேர் பார்க்கணும்னா ஒருத்தருக்கு முடியாத நாள்ல என்ன ஆகும்?"

"எனக்கு எப்ப முடியாம போயிருக்கு?" என்றாள் அவள்.

அது உண்மைதான். ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவள் தளத்துக்கு வராமல் இருந்ததில்லை, களத்துக்குப் போன நாளிலும் லேப்டாப் கூடவே போகும். தசமம் கடவுச்சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, விலகிக்கொள்கிறேன் என்றார். அவர் கோபித்துக்கொண்டு போகிறார், ஒரு மாதத்தில் வந்துவிடுவார் என்று நினைத்தாள். வரவில்லை.

புது இடம் பார்க்க அழகாக இருந்தது. முகப்பில் சிரிக்கிற பெண்களின் படங்கள். வசவு நின்றது. கூடவே வேறு பலதும் நின்றது. 'அக்கா, மாமியார் எழுந்து போகவே மாட்டேங்கறாங்க, என்ன பண்ண?' என்று கேட்டவர்கள், தங்கள் கேள்வியை முதலில் ஓர் அதிகாரி படிக்கப்போகிறார் என்றதும் வாயடைத்துப் போனார்கள். ஆன்லைன் கருத்தரங்க அறிவிப்புகள் வந்தன. வேலைவாய்ப்பு விளம்பரங்கள் வந்தன. பழைய உரையாடல்களையெல்லாம் மூட்டைகட்டி ஆவணக் காப்பகம் என்ற பெயரில் ஒரு மூலையில் வைத்தார்கள். வேண்டுமானால் விண்ணப்பம் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உறுப்பினர் எண்ணிக்கை இரண்டாயிரத்து அறுநூறு ஆனது. வாரத்துக்கு நாற்பது கேள்வி வந்த இடத்தில் இரண்டோ மூன்றோ வந்தது. அவளுக்கு மனசு உறுத்தியது. ஆனாலும், காற்று அடங்கட்டும், மெல்ல மெல்லப் பேச ஆரம்பிப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை, கணவருடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சை. பெண்கள் வார்டு, துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டும் என்றார்கள். விழுந்தவரின் மகன் நடைபாதையிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "என் வீட்டுக்காரிக்கு ஆபீஸ்ல லீவு இல்லை அத்தை. நீங்க வீட்லதானே இருக்கீங்க..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டான். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கணவரும் பார்த்தார். நர்ஸ் ஒரு படிவத்தை எடுத்து, துணைக்கு இருப்பவர் பெயர், உறவு என்று கேட்டு எழுதினாள். தொழில் என்ற இடத்தில் கேட்காமலேயே 'இல்லத்தரசி' என்று நிரப்பிக்கொண்டாள். அவள் அதைத் தலைகீழாகப் படித்தாள். திருத்தச் சொல்ல வாய் எடுப்பதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

லேப்டாப்பைப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தாள். வார்டில் ஆறு கட்டிலுக்கு ஒரு மின்இணைப்பு. அதில் எப்போதும் மருந்து ஏற்றும் கருவி. பழைய லேப்டாப், மின்சாரம் இல்லாமல் ஓடாது. கைப்பேசியில் ஒப்புதல் தர வழியில்லை. பாதுகாப்புக்காகப் பதிவுசெய்த கணினியில்தான் செய்ய முடியும். முதல் மூன்று நாள் அந்த நினைப்பே வரவில்லை. நாத்தனாருக்கு வலி, வாந்தி, காய்ச்சல். படுக்கையில் புரட்டுவதற்கே இரண்டு ஆள் வேண்டும். இருந்தது ஒருத்தி. நான்காம் நாள் நினைப்பு வந்தது. ரெண்டு நாள் தாமதமானா என்ன ஆகிடப்போகுது, வருவதெல்லாம் விளம்பரம்தானே என்று நினைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் நாத்தனாரின் மருமகள் வந்து இரண்டு மணி நேரம் மாற்றிவிட்டாள். வீடு பேருந்தில் இருபது நிமிடம். போயிருக்கலாம். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

பிறகு எத்தனையோ நாள் அந்தப் பெஞ்சை அவள் நினைத்துப் பார்த்தாள்.

பத்தாம் நாள் காலை வீடு திரும்பி லேப்டாப்பைத் திறந்தாள். ஒப்புதலுக்கு ஏழு பதிவுகள் காத்திருந்தன. மூன்று கருத்தரங்குகள். ஒரு வேலை விளம்பரம். யாருக்கோ ஒரு பாராட்டு. மீதி இரண்டும் ஒரே ஆள் எழுதியவை. 'புதுசு' என்று பெயர் வைத்துக்கொண்டு சில மாதம் முன்னால் சேர்ந்த பெண். அவளுக்கு வாசல்வரை போய்த் திரும்பிக் கேட்பதைச் சொல்லிக்கொடுத்தது அக்காதான்.

முதல் பதிவுக்கு ஒன்பது நாள் வயது. 'வணக்கம். ஒரு ஆடைத் தொழிற்சாலையின் பெண்கள் விடுதியில் மதிப்பீடு செய்கிறேன். இருபத்திரண்டு பேரிடம் பேசினேன். சிலர் விடுதி மேற்பார்வையாளர் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதாக இல்லை. தாளில் பெயர் கிடையாது, ஆனால் அறை எண்ணும் கட்டில் எண்ணும் இருக்கிறது. நிரப்பிய தாள்களை வெள்ளிக்கிழமை சரிபார்க்கக் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்கிறது. கொடுக்கலாமா? மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? யாராவது சொல்லுங்கள்.'

இரண்டாவது, அந்த வெள்ளிக்கிழமை காலையில் எழுதியது. 'யாராவது பார்த்தீர்களா?'

இரண்டுக்கும் பக்கத்தில் பச்சையாக ஓர் அடையாளம் இருந்தது. நிறுவனம் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் ஒப்புதலைக் கொடுத்துவிட்டிருந்தது. அதற்கு அடுத்த கட்டத்தில், இரண்டாவது ஒப்புதல் நிலுவையில் என்று எழுதி, கீழே அவள் பெயர்.

அவள் அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள். நாலைந்து தடவை மணி அடித்தபிறகு ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அக்காவா? நிஜமாவே அக்காவா?"

"தாளைக் கொடுத்துட்டியாம்மா?"

"கொடுத்துட்டேன்க்கா. வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை வெச்சிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தேன். யாருமே ஒண்ணும் சொல்லல. சரி, இதெல்லாம் வழக்கம்தான் போலன்னு..." குரல் நின்றது. "ஞாயித்துக்கிழமை மூணு பேரை வெளிய அனுப்பிட்டாங்க. அந்த மூணு பேர்தான் சொன்னவங்க. சரியா அந்த மூணு பேர்."

ஒரு வரிப் பதில் போதும். கொடுக்காதே, கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அறை எண் இருக்கும் ஓரத்தைக் கத்தரித்துவிடு, கேட்டால் என் பெயரைச் சொல். பழைய தளத்தில் இதே கேள்வி நாலாம் வருடம் வந்திருக்கிறது. பதினேழு பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் அந்தக் காப்பகத்து மூட்டைக்குள்ளே கிடக்கிறது.

நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டாள். தன்மையான பெண். ஒரு வார்த்தை குரலை உயர்த்தவில்லை. "ரொம்ப வருத்தமா இருக்கு அக்கா. எங்க பக்கம் உடனே முடிச்சுட்டோம். ரெண்டாவது ஒப்புதல்தான்... நான் யாரையும் குறை சொல்லல அக்கா."

"அவசரம்னு படிச்சவுடனே தெரிஞ்சிருக்குமே. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"நாங்க மொழியையும், யாரையும் புண்படுத்துதான்னும் மட்டும்தான் பார்ப்போம் அக்கா. உள்ளடக்கத்துல நாங்க தலையிடக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வாங்கினீங்க?"

ஆமாம். அவள்தான் எழுதி வாங்கியிருந்தாள்.

கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவள் தோளில் கை வைத்தார். "நீ என்ன ஊர் சுத்தவா போயிருந்தே? ஆஸ்பத்திரியிலதானே இருந்தே. உன் தப்பு என்ன இருக்கு இதுல?"

"நீங்க எங்க இருந்தீங்க?"

"நானா? வீட்லதான்."

"உங்க அக்காதானே அவங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவள் இப்படி ஒரு கேள்வியை அவரிடம் கேட்டதில்லை. ஊரார் வீட்டிலெல்லாம் கேட்டவள். கேட்டு முடித்தும் பாரம் இறங்கியதாகத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புதுசை அழைத்துக்கொண்டு அந்த மூன்று பேரையும் தேடிப் போனாள். ஒருத்தி ஊருக்குப் போய்விட்டாளாம். மேற்பார்வையாளர் முந்திக்கொண்டு அவள் அப்பாவுக்குப் போன்செய்து, உங்கள் பெண் நடத்தை சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கே போனாளென்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொருத்தி பேச மாட்டேன் என்று போனை வைத்துவிட்டாள். மூன்றாமவள் மட்டும் இடத்தைச் சொன்னாள். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியிருந்தது. பழைய பாட்டில்களைக் கழுவி அடுக்கும் ஒரு கொட்டகை. தரையெல்லாம் சோப்பு நுரை. அந்தப் பெண்ணுக்கு இருபத்தேழு இருபத்தெட்டு வயசிருக்கும். முழங்கைவரை ரப்பர் உறை. அதைக் கழற்றாமலே வாசலுக்கு வந்தாள்.

"உட்கார இடமில்ல. நின்னே பேசுங்க. பத்து நிமிஷந்தான் விடுவாங்க."

அக்கா தான் யார் என்று சொன்னாள். என்ன நடந்தது, தன்னால் எங்கே தவறிப்போனது என்று ஒளிக்காமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் தெரியாதும்மா," என்றாள் பிறகு. புதுசின் பக்கம் கையைக் காட்டினாள். "நான் சொல்றதாவே இல்ல. ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல. என் கட்டில்ல படுக்கற பொண்ணுக்கே தெரியாது. இந்தப் பொண்ணு கேட்டதுக்கெல்லாம் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். எல்லாம் முடிஞ்சு எழுந்து வாசல்வரைக்கும் போச்சு. திரும்பி நின்னு, 'இன்னொரு கேள்வி கேக்கட்டுமா அக்கா'ன்னு கேட்டுச்சு. அவ்வளவு தன்மையா என்கிட்ட யாரும் கேட்டதில்ல. அதான் வாயை விட்டுட்டேன்."

புதுசு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்காவுக்கு அழுகையும் வரவில்லை.

"தொழிலாளர் அலுவலகத்துக்கு நான் எழுதறேன்மா. உனக்குத் துணையா நான் வந்து நிக்கறேன். சாட்சி சொல்றேன்."

"வேணாம். எழுதினது போதும்." உறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். "வீட்ல இன்னும் நான் விடுதியிலதான் இருக்கேன்னு நினைச்சிட்டிருக்காங்க. அது அப்படியே இருக்கட்டும். நீங்க கெட்டவங்க இல்லன்னு தெரியுது. ஆனா கேள்வி கேக்க இனிமே வராதீங்க."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

விடுதி மதிப்பீட்டு அறிக்கை அடுத்த மாதம் வெளிவந்தது. பாதுகாப்பாக உணர்வதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு நூறு. மூன்று தாள்கள் முழுமையாக நிரப்பப்படாததால் கணக்கில் சேர்க்கவில்லை என்று அடிக்குறிப்பு. அக்கா மறுப்பு எழுதி அனுப்பினாள். தாள்கள் முறைப்படி சரிபார்க்கப்பட்டவை என்று மூன்று வரியில் பதில் வந்தது. சொன்னவளே வேண்டாம் என்றபிறகு, எந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டுவது?

கடைசியாக, தொழிற்சாலையின் அடையாளமோ அந்தப் பெண்களின் அடையாளமோ தெரியாதபடி, நடந்ததை முழுக்க எழுதித் தளத்தில் போட்டாள். ஒன்பது நாளையும் பெஞ்சில் தூங்கியதையும் சேர்த்தே எழுதினாள். அந்த விதியை ஒத்துக்கொண்டது தன் பிழை, அதை இன்றே எடுத்துவிடுவோம், வசவு வந்தால் உட்கார்ந்து அழிப்போம் என்று கேட்டாள். வாக்கெடுக்கச் சொன்னாள். அறுபத்துமூன்று பதில்கள் வந்தன. 'அருமையான பகிர்வு அக்கா.' 'கண்கள் கலங்கின.' 'உங்கள் நேர்மைக்கு வணக்கம்.' 'இதை எங்கள் பயிற்சியில் பயன்படுத்திக்கொள்ளலாமா?' விதியை எடுப்பது பற்றி நான்கு பேர் எழுதினார்கள். இரண்டு பேர் எடுக்கலாம் என்றார்கள், இரண்டு பேர் பயமாக இருக்கிறது என்றார்கள். அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்டால் ஒரு நாளுக்குள் ஓடிவந்த அந்தப் பழைய முகங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. எப்போது போனார்கள் என்பதைக்கூட அவள் கவனித்திருக்கவில்லை. ஒருவரும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

அவள் விலகிக்கொண்டாள். நிறுவனம் ஆன்லைனில் ஒரு நன்றிக் கூட்டம் வைத்தது. ஒன்பது பேர் வந்தார்கள், ஏழு பேர் முகத்தைக் காட்டவில்லை. ஒருங்கிணைப்பாளர் நன்றாகப் பேசினாள். மனப்பூர்வமாகவே பேசினாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அவளுக்குப் பதிலாக இரண்டாவது ஒப்புதலுக்கு ஒரு குழுவைப் போட்டார்கள். தளம் இன்றைக்கும் இருக்கிறது. சிரிக்கிற படங்களும் இருக்கின்றன.

சில மாதம் கழித்து ஒருநாள் பிற்பகல் தசமத்தைப் பார்க்கப் போனாள். மூன்றாம் மாடி. கண்ணில் புரை விழுந்து, எழுத்துக்களைப் பூதாகாரமாகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஏதோ அட்டவணை பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லக்கூடும் என்று படியேறும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். சொன்னால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் சொல்லவில்லை.

"நானும் போயிருக்கக் கூடாது அக்கா," என்றார். "இருந்திருந்தா மூணாவதா ஒரு ஆள் இருந்திருப்பேன். கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன். எட்டு மாசம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல."

டீ போட்டுக் கொண்டுவந்தார். கண் சரியாகத் தெரியாததால் கோப்பை விளிம்பைத் தாண்டி ஊற்றியிருந்தார்.

"பதினோரு பேரோடதானே ஆரம்பிச்சோம். மறுபடி ஆரம்பிக்கலாமா? வெறும் மின்னஞ்சல்ல?"

"என்னத்தைச் சொல்லிக் கொடுக்கறது?" என்றாள் அவள். "எப்படிக் கேட்டா வாய் திறப்பாங்கன்னு ஏழு வருஷம் சொல்லிக் கொடுத்தேன். அதுல நான் கெட்டிக்காரி. திறந்த வாயை அப்புறம் யார் காப்பாத்துவாங்கன்னு ஒரு நாளாவது உட்கார்ந்து யோசிச்சோமா? நம்மகிட்ட இருக்குன்னு நினைச்சுட்டோம். நாம இருக்கோம்ல, அது போதும்னு நினைச்சுட்டோம்."

"உதவி கிடைச்சவங்களும் இருக்காங்களே அக்கா. எத்தனையோ பேர்."

"எத்தனை பேர்? சொல்லுங்க. எவ்வளவு புள்ளி எவ்வளவு?"

அட்டவணைகளோடு முப்பது வருடம் வாழ்ந்த மனிதரிடம் சொல்வதற்கு ஓர் எண் இல்லை.

அவள் வற்புறுத்தவில்லை. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கண் அறுவை சிகிச்சை என்றைக்கு, துணைக்கு யார் வருகிறார்கள் என்று விசாரித்தாள். மகள் வருகிறாளாம். சரி, நல்லது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

இப்போது அவள் களத்துக்குப் போவதில்லை. மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளை வீட்டிலிருந்தே எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்கிறாள். புதுசு இந்த வேலையையே விட்டுவிட்டு ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். எப்போதாவது பேசுவாள், நலம் விசாரிப்பதோடு சரி. பாட்டில் கழுவிய பெண்ணிடம் கேள்வி கேட்க வர மாட்டேன் என்று மனசுக்குள் கொடுத்த வாக்கை அக்கா காப்பாற்றினாள். ஆனாலும் அவள் எப்படி இருக்கிறாள் என்பதையாவது தெரிந்துகொள்ளலாமே என்று ஒருநாள் மனசு கேட்காமல் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. கொட்டகைக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் போய் ரெண்டு மாசமாச்சு, எங்கே போனாள்னு தெரியாது, நீங்க யாரு என்று ஓர் ஆண்குரல் கேட்டது.

தெரிஞ்சவங்க என்று சொல்ல வந்தவள், அதையும் சொல்லாமல் போனை வைத்தாள்.